பின்பக்கக் கறை

மில்லிக்கன்
செப்டம்பர் 6

அண்ணா,

நிலாணி எழுதுகிறேன். போர்வைக்குள் இருந்து எழுதுவதால் வரிகள் ஏறி இறங்கும். இரவில் அப்பா என் போனை வாங்கித் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். உன் நம்பரை அவரே அதிலிருந்து அழித்துவிட்டார். என் வகுப்புத் தோழி ஸ்டெபனியின் அக்கா ஜூலி விட்பியில் உன்னோடு ஒரே வெயர்ஹவுசில் வேலை செய்வது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கடிதம் அவர்கள் இருவரின் கையாலும் வரும். இருவருக்கும் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

உன் ஹைஸ்கூல் பட்டமளிப்புப் படத்தை அப்பா கழற்றிவிட்டார். ஆணியைக் கழற்றவில்லை. சாப்பிட இருந்தால் எனக்கு அந்த ஆணிதான் தெரிகிறது. அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. ஞாயிறுதோறும் அருள்நாயகம் மாமா வருகிறார். அவர் அம்மாவின் அண்ணா அல்லவா, அவர் வந்தால் நண்டுக்கறி. போன ஞாயிறு நண்டுக்காலை உடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்:

“தியாகு, நான் அண்டைக்கே சொன்னனான். உவன் என்வலப்பை ஒட்டித் தரேக்கையே உள்ளுக்கை இருந்தது கள்ளக் கார்ட். மருமேன் எண்டு நம்பித் திறந்தும் பாக்காமல் அனுப்பினது என்ரை பிழை. ஒறிஜினலை வித்துப்போட்டுத்தான் உவன் கார் வாங்கினவன்.”

அப்பா கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளினார். பிறகு மாமா என்னைப் பார்த்தார்.

“நீயும் கொண்ணன்ரை வழியிலை போயிடாதை பிள்ளை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நடந்ததை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அது அப்பாவின் அட்டை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பத்தொன்பது வயதில், மூலைக்கடையில் வேலைக்கு நின்றபோது, கூடைப்பந்து அட்டைகளோடு வரும் சுவிங்கம் பைக்கற் ஒன்றை உடைத்தார், அதற்குள் இருந்தது. யாருடைய முகம் என்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. உன் பத்தாவது பிறந்தநாளுக்கு அதை உனக்குத் தந்தார். பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் முதல் வருட அட்டை, ரூக்கி கார்ட், என்று பிறகு நீதான் எங்களுக்குச் சொன்னாய். அதை விற்று உன்னைப் படிப்பிக்கலாம் என்று இந்த வருடம் அப்பா முடிவெடுத்தார். அமெரிக்காவில் அட்டைகளுக்குத் தரம் பார்க்கும் கம்பனிக்கு மாமா மூலம் அனுப்பினோம். போலி என்று திரும்பி வந்தது. அப்பா உன்னை அடித்தார். நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய்.

ஒன்று கேட்கவேண்டும். கோபிக்காதே. நீ எடுத்தாயா?

நிலாணி

*

விட்பி
செப்டம்பர் 9

நிலாணி,

உன் கடிதத்தை லோடிங் டொக்கில் நின்றபடி வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தேன், உன் கையெழுத்தை மற்றவர்கள் மிதிக்கக்கூடாது என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

நீயும் கேட்கிறாய். நல்லது.

பதில் இதுதான். என்வலப்பை ஒட்டியது நான். உள்ளே வைத்தது உண்மையான அட்டை. அதை மாமாவின் கையில் கொடுத்தேன். தபாலில் போட்டது மாமா. திரும்பி வந்ததை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்த உடனே அது வேறு அட்டை என்று எனக்குத் தெரிந்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் உண்மையான அட்டையில் கறுப்புக் கோடு முழுக் கறுப்பாக இருக்கும். இதில் அந்தக் கோடே புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. யாரோ படத்தைக் கணினியில் பிரதியெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கடதாசி இருட்டாகவே கிடக்கும். இந்தப் புதுக் கடதாசி பால் மாதிரி மின்னும். இதையெல்லாம் அன்று குசினிக்குள் நின்று கத்திச் சொன்னேன். அப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? “கள்ளனுக்குத்தான் உவ்வளவு நுணுக்கம் தெரியும்.”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ படிக்கட்டில் நின்றாய். “அண்ணா எடுக்கேல்லை” என்ற இரண்டு சொல்லுக்கு உனக்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? பயந்தாய், சரி. நானும்தான் பயந்தேன்.

கார் வாங்கியது என் சம்பளத்தில். பழைய கார், ஒரு பக்கக் கதவு திறக்காது. கள்ளன் வாங்குகிற காரா அது?

இனி எழுதாதே.

ஜதுர்சன்

*

மில்லிக்கன்
செப்டம்பர் 14

அண்ணா,

எழுதுவேன். கசக்குவதென்றால் கசக்கு.

நீ கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாய். உனக்கென்று ஒரு பேஸ்மென்ற் இருக்கிறது, கார் இருக்கிறது, உள்ளே இருந்து பூட்ட ஒரு கதவும் இருக்கிறது. எனக்குப் பதினாறு வயது. நான் எந்தக் கதவைச் சாத்துவது? நீ போன அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் என் பையைத் திறந்து பார்க்கிறார்கள். கள்ளனின் தங்கை அல்லவா? அன்று நான் பேசவில்லை என்று சொல்கிறாய். அப்பாவின் கை இன்னும் இறங்காமல் இருந்தது. அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

சரி, அதை விடு. இன்று நடந்ததைக் கேள்.

மாமாவின் புது வீட்டுக்கு றிச்மண்ட் ஹில் போனோம். கீழே பேஸ்மென்றில் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்திருக்கிறார். வார இறுதிச் சந்தைகளில் விற்கிற அட்டைகள் எல்லாம் அதற்குள். நடுத்தட்டில், தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள், கம்பனி தரம் ஒட்டியபடி அது இருந்தது. அதே ஆட்டக்காரர், அதே வருடம். அதே மாதிரி இடப்பக்கக் கரை ஒடுங்கி, வலப்பக்கக் கரை அகன்று. பந்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மைப்புள்ளி. நீ நிலத்தில் விழுத்தி அழுத அந்தக் கீழ்மூலையும் அதே மாதிரி மழுங்கி.

“அமெரிக்காவிலை, ரெக்சாசிலை ஒரு வெள்ளைக்காரனிட்டை வாங்கினது,” என்று மாமா அப்பாவுக்குப் பெருமை அடித்தார். “பத்துக்கு எட்டு வரவேண்டிய கார்ட், ஆறுதான் குடுத்திருக்கிறாங்கள். பின்பக்கத்திலை கறையாம். கண்ணாலை ஒரு கறையும் தெரியேல்லை. என்னத்தைக் கண்டாங்களோ!”

அப்பா “நல்ல சாமான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் பத்தொன்பது வயதைப் பார்த்து அவர் “நல்ல சாமான்” என்றார் அண்ணா. எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்கவேண்டும் போலிருந்தது.

எல்லோரும் மேலே போன பிறகு நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

“என்ன பிள்ளை, உனக்கும் கார்ட்டிலை விருப்பமோ?”

இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

நிலாணி

*

விட்பி
செப்டம்பர் 17

நிலா,

இரண்டு நாளாக உன் கடிதம் என் சட்டைப்பைக்குள் கிடக்கிறது. கோபத்தில் நேற்று ஒரு பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். விரல் வீங்கியிருக்கிறது.

ஆனால் கேள். நீ சொன்னவை ஆதாரம் ஆகாது. அந்த வருட அட்டைகள் பெரிய தாள்களில் அச்சடித்து வெட்டப்பட்டவை. வெட்டு ஒதுங்கியதால் கரை ஒருபக்கம் ஒடுங்கிய அட்டைகள் ஏராளம். மைப்புள்ளி அச்சுத்தகட்டில் இருந்தால் அந்தத் தகட்டில் அச்சான எல்லா அட்டையிலும் அது வரும். மூலை மழுங்குவது சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு எல்லாவற்றிலும் நடக்கும். இவ்வளவையும் வைத்து ஒருவரைக் கள்ளன் என்றால், அவர்கள் எனக்குச் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம்.

பின்பக்கத்தில் கறை என்று மாமா சொன்னதாக எழுதினாய். அதை வாசித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது ஐந்து வயது. அட்டை என் கைக்கு வந்த அந்த வருடம், சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் நான்தான் கொண்டுபோய் வைத்தேன். புத்திகெட்டவன். அம்மா வழக்கம்போல ஈர்க்கை மஞ்சளில் தோய்த்து, எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டு வந்தார். அட்டையைத் திருப்பி அதன் முதுகிலும் ஒன்று போட்டுவிட்டார். நான் வீடு இரண்டுபடக் கத்தினேன். ஈர ரிசுப் பேப்பரால் துடைத்தேன். துடைத்து முடிந்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. “அப்பாக்குச் சொல்லாதை ராசா” என்று அம்மா கெஞ்சினார். சொல்லவில்லை. ஆனால் ஒரு கிழமை அவரோடு பேசாமலும் இருந்தேன். உலகத்தில் ஒரு பைத்தியமும் அட்டைக்குச் செய்யாத வேலை என்று திட்டினேன்.

அது போய்விட்டது. நானே துடைத்தேன். வெறும் கறை என்றால் எந்த அட்டையிலும் இருக்கும்.

அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் இனிப் போகாதே. அப்பாவின் வீட்டுக் கடனுக்கு மாமாதான் கூடக் கையெழுத்து வைத்தவர். அந்த வீட்டில் உன்னையும் பிழையானவள் ஆக்கிவிட்டால் நீ எங்கே போவாய்? இங்கே நான் படுக்கிற இடத்தில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம்.

ஜதுர்சன்

*

மில்லிக்கன்
செப்டம்பர் 25

அண்ணா,

போகவில்லை அண்ணா! மஞ்சள் போகவில்லை!

இன்று வேதியியல் வகுப்பில் ரீச்சர் ஊதா விளக்கைப் போட்டு எவை ஒளிரும் என்று காட்டினார். மஞ்சள்தூள் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தது. மஞ்சள் பட்ட துணி ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். வெறும் வெள்ளைத் துணி. விளக்கைக் காட்டினால் பட்ட இடம் முழுவதும் தெரிந்தது.

ஸ்டெபனி வீட்டில் ஊதா வெளிச்சம் அடிக்கிற ரோச் ஒன்று இருக்கிறது. அவர்களின் நாய் கார்ப்பெற்றில் எங்கே மூத்திரம் பெய்தது என்று தேடுவதற்கு வாங்கியது. சிரிக்காதே. அதைக் கேட்டு வாங்கி வந்தேன். உன் சப்பாத்துப் பெட்டி இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அதிலிருந்து அதே காலத்து உதவாத அட்டை ஒன்றை எடுத்து, முதுகில் மஞ்சளால் சுழி போட்டு, காயவிட்டு, ஈர ரிசுவால் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ரோச்சைப் பிடித்தேன். சுழி இருந்தது.

விஜயதசமிக்கு எல்லோரும் மாமா வீட்டில் கூடுகிறோம். சாமிக்கு முன்னால் தன் அட்டைகளையும் வைக்கப்போவதாக மாமா சொன்னார், தொழில் பெருகட்டுமாம். அந்த அட்டையும் வெளியே வரும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பதினொரு வருடப் பழைய மஞ்சள். ஒன்றுமே தெரியாமல் போனால், அம்மாவின் அண்ணாவை அவருடைய வீட்டில், சாமிக்கு முன்னால், கள்ளன் என்று சொன்னவள் ஆவேன். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றதை மாமா ஏற்கெனவே அப்பாவிடம் சொல்லிவிட்டார். “மாமான்ரை சாமானிலை கண் வைக்காதை” என்று அப்பா சொன்ன விதத்தை உனக்கு எழுத முடியாது.

நீ வா. பேசவேண்டாம். என் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

நிலாணி

*

விட்பி
செப்டம்பர் 28

நிலா,

வரமாட்டேன்.

நாய் மூத்திரம் தேடுகிற விளக்கு சொன்னால்தான் நான் கள்ளன் இல்லை என்று அப்பா நம்புவார் என்றால், அந்த நம்பிக்கை எனக்கு எதற்கு? இருபத்தொரு வருடம் என்னைப் பார்த்தார்கள். பத்து வயதில் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தவன் நான். அட்டைக்குக்கூட மூலை, கரை, முகம், முதுகு என்று எல்லாம் பார்த்துத்தான் போலி என்று சொல்கிறார்கள். என்னை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா ஒரு வசனம் சொன்னார், முடிந்தது.

நீ செய்வது உன் விருப்பம். எனக்காகச் செய்வதாக நினைக்காதே.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய். அறை விளக்கை முழுவதும் நிப்பாட்டவேண்டும். ரோச்சை நேரே பிடித்தால் பிளாஸ்டிக் கூடு பளபளத்து ஒன்றும் காட்டாது, சரித்துப் பிடி. அப்பாவின் மேசை லாச்சிக்குள் கிடக்கிற போலி அட்டையையும் கொண்டுபோ. முதலில் அதைக் காட்டு, அது வெள்ளையாக மின்னும். வித்தியாசம் தெரியாதவர்களுக்கு வித்தியாசத்தைத்தான் முதலில் காட்டவேண்டும்.

கை நடுங்கினால் இரண்டு கையாலும் பிடி.

ஜதுர்சன்

*

மில்லிக்கன்
அக்டோபர் 3

அண்ணா,

நேற்றுச் செய்துவிட்டேன்.

யோகமலர் மாமி கும்பம் வைத்து, புத்தகங்களை அடுக்கி, பக்கத்தில் மாமாவின் அட்டைக் கூடுகளையும் அடுக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே அது, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு. பூசை முடிந்தது. அவலும் கடலையும் கையில் தந்தார்கள். மாமா ரெக்சாஸ் கதையை மறுபடி தொடங்கினார். நான் எழும்பினேன். அவல் கொட்டிப்போனது.

“அண்ணா எடுக்கேல்லை.”

அதைத்தான் முதலில் சொன்னேன். ரோச் அப்போது கோட்டுப் பைக்குள் இருந்தது, தொடக்கூட இல்லை. விளக்கில் ஒன்றும் தெரியாமல் போனாலும் அந்த வசனம் சொல்லப்பட்டதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

“என்ன பிள்ளை?” என்றார் மாமா.

“அண்ணா கார்ட்டை எடுக்கேல்லை எண்டனான்.”

“நிலாணி! இரு கீழை!” அப்பா.

“பாத்தியே தியாகு, உவளையும் அவன் ஏத்திவிட்டிருக்கிறான்.”

நான் பூவைத் தட்டிவிட்டு அட்டையை எடுத்தேன். மாமா பாய்ந்து வந்தார்.

“வை உதை! வை எண்டுறன்!”

“லைற்றை நிப்பாட்டுங்கோ,” என்றேன். ஒருவரும் அசையவில்லை. அப்பா எழும்பிவிட்டார். கை மேலே போயிருந்தது, அதே கை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அறை இருட்டு. சாமிக்கு முன்னால் குத்துவிளக்குத் திரி மட்டும் எரிந்தது. ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் அம்மா சுவிச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நான் என்ன காட்டப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது அண்ணா. ஒன்றும் தெரியாமலேதான் நிப்பாட்டினார்.

நீ சொன்னபடி முதலில் போலியைப் பிடித்தேன். பால் மாதிரி மின்னியது. பிறகு மாமாவுடையது. முகம் இருட்டு. திருப்பினேன், முதுகும் இருட்டு. ஒன்றுமே இல்லை. அப்போதுதான் ரோச்சை நேரே பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு கையாலும் சரித்தேன்.

மேல்மூலையில் சின்னதாக, மஞ்சளும் பச்சையுமாகப் பிள்ளையார் சுழி. அம்மா இழுக்கிற மாதிரியே வால் நீண்டிருந்தது.

“உது அச்சுப் பிழை,” என்றார் மாமா. “கன கார்ட்டிலை உப்பிடி வரும்.”

இருட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டார்: “ரெக்சாசிலை வெள்ளைக்காரன் பிள்ளையார் சுழி போடுறவனே அண்ணை?”

மாமி சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

“உது என்ரை கை,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். “அவன்ரை பத்து வயதிலை நான் போட்டனான். உங்களுக்குச் சொல்லேல்லை. பிள்ளை அண்டைக்கு அழுது அழுது துடைச்சவன்.” பிறகு மாமாவைப் பார்த்து, “நண்டு உடைச்சு உடைச்சு என்ரை பிள்ளையைக் கள்ளன் எண்டனீங்கள்,” என்றார். அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

மாமா அட்டையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. “உங்கடை வீட்டுக்கு ஆர் சைன் வைச்சது எண்டதை மறந்திட்டியள் போல,” என்றார். அவர் ஒப்புக்கொண்ட விதம் அதுதான்.

அப்பா என் கையிலிருந்து அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். சப்பாத்தைப் போட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேவியூ வீதியில் சிக்னல் பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அப்போது கேட்டார்:

“அவன் எங்கை இருக்கிறான்?”

“அண்ணாட்டைக் கேட்டிட்டுத்தான் சொல்லுவன்,” என்றேன்.

அப்பாவுக்கு நான் மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் “ஓம்” என்று மட்டும் சொன்னார். இரவு உன் படத்தை மாட்டப் போனார். அம்மா தடுத்துவிட்டார். “அவன் வரட்டும். மாட்டிறதோ விடுறதோ, அவன் சொல்லட்டும்.”

வீட்டுக் கடனுக்கு இனி என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. மாமாமீது, அப்பாமீது, உன்மீதும்தான். உன்னை நிற்கச் சொன்ன இடத்தில் அம்மாவின் கோட்டு கிடந்த கதிரைதான் இருந்தது.

முகவரியைக் கொடுக்கட்டுமா?

நிலாணி

*

விட்பி
அக்டோபர் 5

நிலா,

ரோச்சைத் தொடுவதற்கு முதலே சொன்னாய் என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே. ஜூலி பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறது, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தூசு என்றேன். நான் வந்திருக்கவேண்டும். அந்தக் கதிரை என் பிழை.

அம்மா சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றதையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மஞ்சளுக்காக அவரை ஒரு கிழமை அழவைத்தவன் நான்.

அப்பாமீது கோபம் போகவில்லை. போகும் என்று வாக்குத் தரவும் மாட்டேன். முகவரியைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. வீட்டுக்காரரின் முன்கதவைத் தட்டவேண்டாம், பின்பக்கப் படியால் இறங்கி வரச்சொல். நீயும் அம்மாவும் கூட வாருங்கள்.

அட்டையை மட்டும் கொண்டுவரவேண்டாம் என்று அப்பாவிடம் சொல். அதைக் காட்டிக்கொண்டு வந்தால் நான் திறக்கமாட்டேன். வெறுங்கையோடு வரட்டும்.

அண்ணா